மந்திரம் வந்தால் சுமை யாருக்கு?

மந்திரம் உலகத்துக்குத் திரும்பி வரப் போகிறதாம். நிஜத்தில் அல்ல, விளையாட்டில்.

விஷயம் இதுதான். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் கதை சொல்லி, அவரே நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். "வாசலில் பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய்?" என்று நடுவர் கேட்பார். ஆடுகிறவர் தம் புத்திக்குப் பட்டதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார். பகடை சொன்னதுதான் விதி. 1974-ம் வருஷம் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி, அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். இன்று நம் ஊர் இளைஞர்களும் ஆடுகிறார்கள். ஆடுவதோடு நிற்காமல், ஆட்டத்துக்கு வேண்டிய உலகங்களையும் தாமே சிருஷ்டிக்கிறார்கள். அந்தச் சிருஷ்டியில் ஒரு வகை உண்டு. சரித்திரத்தில் ஏதோ ஓரிடத்தில் ஒரு முடிச்சை மாற்றிப் போடுவது. அந்த இடத்தில் மந்திரத்தை உள்ளே விடுவது. பிறகு உலகம் என்ன ஆகிறது என்று பார்ப்பது.

"வயசு வந்த பிள்ளைகளுக்கு இதென்ன பைத்தியம்?" என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் கட்சியில் நான் இல்லை. அவர்களைப் பெற்றவர்கள்தாமே 1951-ல் 'பாதாள பைரவி'க்கு டிக்கெட் வாங்க இடித்துக்கொண்டு நின்றார்கள்? வேஷம் கட்டி ஆடுவதும் அந்நியச் சரக்கல்ல. நம் தெருக்கூத்தில் கிரீடமும் புஜகீர்த்தியுமாக ராஜா வந்து நிற்கிறார். கட்டியக்காரன் அவரை, "ஐயா, தாங்கள் யார்? எந்த ஊர்?" என்று கேட்கிறான். அவர் பதில் சொன்ன பிறகுதான் அவர் ராஜா! மேஜையருகே உட்கார்ந்து கேள்வி கேட்கும் நடுவர் அந்தக் கட்டியக்காரனுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

என் சண்டை ஆடுகிறவர்களோடு அல்ல, உலகம் சமைக்கிறவர்களோடு.

ராயபுரத்து இளைஞர்கள் சிலர், தாங்கள் எழுதிவரும் உலகம் ஒன்றை ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் எனக்குக் காட்டினார்கள். அழகான கையெழுத்து, வர்ணம் தீட்டிய படங்கள். பனி மூடிய மலை, மலையுச்சியில் கோட்டை, கோட்டையின் மேல் இறக்கை முளைத்த நாகம்.

"ஏன் தம்பி, இதில் நம் ராயபுரத்தைக் காணோமே?" என்றேன்.

"ராயபுரத்துல இன்னா சார் இருக்குது? கண்டெய்னர் லாரியும் கருவாடும்தான் இருக்குது" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி புறப்பட்டது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் இரும்பு வண்டி தானாக வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. பார்த்தவனுக்கு அதைவிடப் பெரிய மந்திரம் என்ன வேண்டும்? அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் பனிமலையைத் தேடிப் போகிறான்!

சரி, பனிமலை வேண்டாம் என்று சொந்தச் சரித்திரத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்கிறார்கள்? சோழர் கப்பற்படை அழியவே இல்லை. கூடவே சித்தர்களின் ரசவாதமும் கை கொடுக்கிறது. உலகம் முழுவதும் புலிக்கொடி பறக்கிறது. கேட்கக் காதுக்கு இனிமைதான். ஆனால் அந்தக் கப்பலில் துடுப்பு வலித்தவன் யார் என்று கேட்டால் நோட்டுப் புத்தகத்தில் பதில் இல்லை. எல்லோரும் ராஜகுமாரர்கள், எல்லோரும் தளபதிகள். இதற்குப் பெயர் மாற்றுச் சரித்திரம் அல்ல. வயிறு நிறையப் பெருமை பரிமாறும் பந்தி.

பனிமலைக்காரருக்கும் புலிக்கொடிக்காரருக்கும் குற்றம் ஒன்றுதான். இருவர் உலகத்திலும் மந்திரம் இனாமாகக் கிடைக்கிறது. கையைத் தூக்கினால் நெருப்பு, காலைத் தூக்கினால் ஆகாயம். விறகு சுமந்தவனும் இல்லை, சாம்பல் அள்ளியவளும் இல்லை. இனாம் மந்திரம் பொய் மந்திரம் என்பது என் கட்சி.

இவர்கள் யாரைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்களோ, அந்த வெளிநாட்டுக்காரர்கள் இந்தத் தப்பைச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. ராண்டல் காரெட் என்ற அமெரிக்கர் 1964 முதல் எழுதிய துப்பறியும் கதைகளில், 1199-ல் அம்புக் காயத்தால் இறந்த இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் பிழைத்துக்கொள்கிறான். சரித்திரம் வேறு வழியில் போகிறது. அந்த உலகத்தில் மந்திரம் முறையாகப் படித்து, லைசென்ஸ் வாங்கிச் செய்கிற தொழில். 1989-ல் சிகாகோவில் வெளியான 'ஷேடோரன்' என்ற ஆட்டத்தில் மந்திரம் உலகத்துக்குத் திரும்புகிறது. உலகம் சொர்க்கமாகிவிட்டதா? இல்லை. ராட்சசக் கம்பெனிகள் அரசாங்கங்களுக்குச் சமமாக உட்கார்ந்து, மந்திரவாதிகளையும் மாசச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்கின்றன. சூசன்னா கிளார்க் என்ற ஆங்கில நாவலாசிரியை 2004-ல் வெளியிட்ட நாவலில், நெப்போலியன் யுத்த காலத்து இங்கிலாந்துக்கு இரண்டு பேர் மந்திரத்தை மீட்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோன ஒரு பெண்ணை எழுப்புகிறார். கூலி, அவளுடைய ஆயுளில் பாதி! அடகு வைத்தவர் அவர். வட்டி கட்டுகிறவள் அவள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்மவர்கள் அங்கிருந்து நாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

கணக்குப் புத்தகத்துக்காகச் சிகாகோவுக்குப் போகவும் வேண்டாம். ராயபுரத்திலிருந்து வடக்கே கடற்கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் திருவொற்றியூர். அங்கே சுந்தரர் சங்கிலியாரை மணந்த கதையைப் பெரியபுராணம் படித்தவர்கள் அறிவார்கள். "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்து கொடுத்தால்தான் கல்யாணம். சுந்தரர் என்ன செய்தார்? "நான் சந்நிதியில் சத்தியம் செய்ய வருவேன், அந்த நேரம் நீர் மகிழமரத்தடியில் போய் இரும்" என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். ஒப்புக்கொண்ட சிவன், சங்கிலியார் பக்கம் போய், "மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிட்டார்! பிறகு சுந்தரர் திருவாரூர் நினைவு வந்து புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. அவர் தடவித் தடவி நடந்து, ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம், 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. கோயிலை வேறிடத்தில் எழுப்பினார்கள். சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் அந்த நீர்த்தேக்கம் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே இருக்கிறது. ஆறு போய்க் கடலில் விழும் இடம் எண்ணூர்.

இதைவிட நல்ல மந்திர விதி எந்தத் தேசத்துப் புத்தகத்தில் இருக்கிறது? சத்தியத்தின் சக்தி, அதற்கு ஒரு மரம், ஓர் எல்லை, மீறினால் தண்டனை. அதில் ஓட்டை தேடுகிற மனிதன், ஓட்டையை அடைக்கிற தெய்வம். பக்தர்களுக்கு இது பக்தி. நாவல் எழுதுகிறவனுக்கு இது ஒரு முழு உலகம்.

முடிச்சை எங்கே மாற்றிப் போடலாம்? 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு. ஜெர்மன் யுத்தக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். கப்பல் வந்த வழியே போய்விட்டது. ஆனால் தமிழில் 'எம்டன்' என்ற வார்த்தை, மகா கெட்டிக்காரன், பொல்லாதவன் என்ற பொருளில் தங்கிவிட்டது. அந்த நெருப்பு வெளிச்சத்தில், ஒற்றியூர் மகிழமரத்துச் சத்தியத்துக்குப் பழைய சக்தி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றியூர் எல்லைக்குள் சாட்சி வைத்துக் கொடுத்த வாக்கை எவன் மீறினாலும் கண் போகும்.

இப்போது பாருங்கள். முதல் மாசம் குப்பத்து ஜனங்களுக்குக் கொண்டாட்டம். இரண்டாம் மாசம் கம்பெனிகள் விழித்துக்கொள்ளும். துரை ஒற்றியூர் எல்லைக்குள் காலே வைக்க மாட்டார், குமாஸ்தாவை அனுப்புவார். குமாஸ்தாவும் விவரம் தெரிந்தவன். தனக்குப் பதில் ஒரு கூலியாளைப் பிடிப்பான். துறைமுக வாசலில் மூட்டை தூக்கக் காத்திருப்பவர்கள் பக்கத்தில் இன்னொரு வரிசை நிற்கும். அவர்கள் சத்தியக் கூலிகள். நாள் கூலிக்கு வாக்குக் கொடுக்கிறவர்கள். நாளைக்கு வாக்கு மீறப்பட்டால் கண் போவது அவர்களுக்கு. வக்கீல்களும் சும்மா இருக்க மாட்டார்கள். 'தருகிறோம்' என்ற சொல் பத்திரங்களிலிருந்து மறைந்து, 'ஆவன செய்யப்படும்' என்றொரு புதுப் பாஷை பிறக்கும். நம் உலகத்தில் அந்தப் பாஷை மந்திரம் வராமலேயே பிறந்துவிட்டது!

இனி நடுவர் கேட்கட்டும்: "நீ சத்தியக் கூலி. வீட்டில் மூன்று நாளாக உலை வைக்கவில்லை. துபாஷி மூன்று ரூபாய் நீட்டுகிறார். இந்த வாக்கு பொய் என்று உனக்குத் தெரியும். என்ன செய்கிறாய்?" அப்போது பகடையை எடுக்கும் கை நடுங்கும். பத்து நாகங்களை வெட்டிச் சாய்த்தாலும் அந்த நடுக்கம் வராது.

"விளையாட்டில் இத்தனை பாரம் எதற்கு? பொழுதுபோக்குத்தானே?" என்பார்கள். கூத்தில் துகிலுரிந்த பாஞ்சாலியின் சபதத்தைக் கண் கொட்டாமல் பார்த்த ஜனங்கள் பொழுதைப் போக்கவில்லையா? பாரம் இருந்ததால்தானே விடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. மந்திரம் வடசென்னைக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டது. 1970-ல் எண்ணூரில் அனல் மின்நிலையம் எழுந்தது. பின்னால் அதன் திறன் 450 மெகாவாட் ஆயிற்று. தொட்டால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. மந்திரம் இல்லாமல் வேறென்ன? அந்த நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். பக்கத்தில் 1994-ல் தொடங்கிய இன்னொன்று ஓடுகிறது. வெளிச்சம் பட்டணமெங்கும் போயிற்று. சாம்பல் எங்கே போயிற்று? தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்பிய சாம்பல், குழாய் ஒழுகிக் கொசஸ்தலையின் கழிமுகத்தில் படிந்தது. சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்தவர்கள் சாம்பலைத் துழாவினார்கள்.

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையெல்லாம் கறுப்பு எண்ணெய். அத்தனை பெரிய துறைமுகம், அத்தனை இயந்திரம். எண்ணெயை எப்படி எடுத்தார்கள்? மனிதர்கள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில், ஓர் உரத் தொழிற்சாலைக்காகக் கடலடியில் போட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். குடுவையிலிருந்து வெளியே வந்த பூதம் என்பது இதுதான். அதைக் குடுவையில் அடைத்து வைத்தவர்கள் அன்றிரவு அந்தக் குப்பத்தில் தூங்கவில்லை.

இத்தனையையும் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை, "எங்க ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறான் என்றால் குற்றம் அவனுடையது மட்டுமல்ல. கதை என்றால் வேறு யாருடைய ஊரிலோ நடப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது கதை எழுதுகிற நாங்கள்தான். மயிலாப்பூர் மாடவீதியிலும் தஞ்சாவூர் அக்ரகாரத்திலும் சுற்றிச் சுற்றி வந்த பேனாக்கள் தண்டையார்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்ட எத்தனை யோசித்தன!

ஆகவே உலகம் சமைக்கும் தம்பிகளே, தங்கைகளே! பூதத்தை அழையுங்கள், யாரும் தடுக்கவில்லை. அது ஒரே ராத்திரியில் மாளிகையைத் தூக்கிக்கொண்டு வரட்டும். ஆனால் அந்த மாளிகை யாருடைய குடிசை இருந்த இடத்தில் இறங்குகிறது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தக் குடிசைக்காரனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அவன் கையிலும் ஒரு பகடையைக் கொடுங்கள்.