கோடிக்கரைக்கு வரும் விருந்தினர்

துடியலூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு விருந்தீசுவரர் என்பது திருநாமம். பசித்து வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு அம்மையும் அப்பனும் வேடர் கோலத்தில் தோன்றி, முருங்கைக் கீரை சமைத்து அமுது படைத்தனர் என்று தலபுராணம் கூறும். வழிநடந்து களைத்தவரை உபசரிக்கும் அறத்தை ஆண்டவனே நடத்திக் காட்டிய தலம் இது.

அச்சுந்தரர் சேரமான் பெருமாளுடன் சோழநாட்டுக் கோடிக்கரைக்கும் எழுந்தருளினார். கடற்காற்று வீச, ஆந்தையும் கூகையும் அலறும் காட்டருகே கோடிக்குழகர் துணையின்றி வீற்றிருப்பதைக் கண்டு மனம் நொந்து பதிகம் பாடினார். விருந்திட்டவர் தனித்திருக்க, உண்டவர் உள்ளம் தாங்குமோ?

அந்தக் கரைக்கு ஆண்டுதோறும் ஐப்பசியை ஒட்டித் துணை வந்து சேர்கிறது. பூநாரை, உள்ளான், ஆலா எனப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து உப்பங்கழியிலும் சேற்று நிலத்திலும் இறங்குகின்றன. 1967 முதல் இவ்விடம் சரணாலயம். 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

அவற்றுள் கொசு உள்ளான் மிகச் சிறியது. எடை ஏறக்குறைய 25 கிராம். வடதுருவத்தை ஒட்டிய பனிநிலத்தில் பிறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறது. உடலில் சேர்த்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு. கோடை தொடங்கியதும் வடக்கே திரும்ப வேண்டுமாதலால், அதற்குள் சேற்றுப் புழுக்களையும் சிற்றுயிர்களையும் தின்று மீண்டும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது.

தை அமாவாசையன்று கோடிக்கரையில் நீராடி முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய அன்பர்கள் பலர் செல்வதுண்டு. பறவைகள் இரைதேடும் காலமும் அதுவே. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டால், அவை சேர்த்த கட்டுச்சோறு வீணே கரைந்துபோகும். உண்ணும் விருந்தினரை இலையிலிருந்து எழுப்பிவிடுவதற்கு அது ஒப்பாகும். பேரப்பிள்ளைகளைச் சற்றுத் தொலைவில் அமரச்செய்து காட்டினால் போதும். பழந்துணியும் பிளாஸ்டிக் பையும் கரையில் விட்டு வராதிருப்பதும் புண்ணியமே.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாத முதியோர் வருந்த வேண்டுவதில்லை. கொங்கு நாட்டுக் குளக்கரைகளிலும் அதே மாதங்களில் வடக்கிலிருந்து வாலாட்டிக் குருவிகள் வந்து இறங்குகின்றன. விருந்தீசுவரரைத் தொழுது திரும்பும் வழியில் அவற்றைக் காண்போர், அவர் அழைத்த விருந்தினர் என்றெண்ணிச் சற்றே விலகி நடப்பாராக.