அயலவர் சமயமும் நமக்கொரு பாடமாகட்டும்

நமது நாட்டின் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றோடு அதற்கும் இடமுண்டு. ஆயினும் அவரவர் சமயத்தை அவரவரே படிக்கிறோம். பல சமயத்தவரும் கற்கும் பாடசாலையில் சமயப் பாடவேளை வந்ததும் ஒரே வகுப்பு இஸ்லாம், சைவநெறி, கிறிஸ்தவம் என்று பிரிந்து விடுகிறது. நமது கல்லூரி போன்றவற்றில் பிரிவதற்கே தேவையில்லை. வரலாற்றுப் பாடத்தில் மகிந்த தேரரும் ஆறுமுக நாவலரும் வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய நம்பிக்கை என்ன என்பதை ஆறுதலாக இருந்து படிக்க நமக்கொரு பாடவேளை இல்லை.

தன் சமயப் பாடம் சிறிதும் குறையாமல், பிற சமயங்களையும் அறிவு நோக்கில் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. வன்னிக்கு இது மிக அவசியம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவு நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குப் பெரும்பாலானோர் திரும்பியது 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்தார்கள். ஊருக்குத் திரும்பினோம், ஒருவரையொருவர் அறியும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.

அப்பாடம் எப்படி இருக்கும்? நோன்பையே எடுத்துக்கொள்வோம். நாம் ரமழானில் பஜ்ரு முதல் மஃரிப் வரை நோன்பிருக்கிறோம். சைவர்கள் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு நாற்பது நாள் தவக்காலம். பௌத்தர்கள் போயா தினத்தில் சில் அனுட்டித்து, நண்பகலுக்குப் பின் உணவு உண்பதில்லை. ஒவ்வொருவரும் ஏன் பசித்திருக்கிறார்கள் என்று கேட்பதே ஒரு நல்ல பாடம். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் காணும் கண்ணகியே சிங்கள பௌத்தர்களுக்குப் பத்தினித் தெய்வம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

“பிள்ளையின் ஈமானுக்குப் பங்கம் வராதா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஒரு சமயத்தை அறிவது வேறு, அதை அனுட்டிப்பது வேறு. பாரசீக முஸ்லிம் அறிஞர் அல்பீரூனி சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து, 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதினார். பதஞ்சலியின் யோக நூலை அறபியில் தந்தார். இந்துக்களின் கொள்கையை அவர்கள் சொல்கிறபடியே எடுத்துரைக்க முயன்றார். அதனால் அவர் இஸ்லாத்தை விட்டு விலகவில்லை. மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரதுல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கவில்லையா?

அண்மைய அனுபவமும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மொடெஸ்டோ நகர அரச பாடசாலைகள் 2000ஆம் ஆண்டு முதல் 9ஆம் வகுப்பில் உலக சமயங்களைக் கட்டாய பாடமாக்கின. 2006இல் வெளியான ஆய்வில், மாணவர்களிடம் பிறர் சமய உரிமை மீதான மதிப்பு வளர்ந்ததும், பாடம் அவர்களைச் சொந்த நம்பிக்கையிலிருந்து விலகத் தூண்டவில்லை என்பதும் தெரியவந்தன. தென்னாபிரிக்கா 2003இல் வகுத்த தேசியக் கொள்கையும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதைப் பாடசாலையின் பொறுப்பாகவும், சமயத்தில் பயிற்றுவிப்பதைக் குடும்பத்தினதும் சமய நிறுவனங்களினதும் பொறுப்பாகவும் பிரித்துக் காட்டியது.

நிபந்தனைகள் வேண்டும். ஒவ்வொரு சமயப் பகுதியையும் அச்சமயத்தவர் பார்த்து ஒப்ப வேண்டும். வழிபாட்டில் பங்கேற்கும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. எது உயர்ந்தது என்ற போட்டிக்கு வகுப்பறையில் இடமிருக்கக் கூடாது. தகுந்த பயிற்சி பெற்ற ஆசிரியரே கற்பிக்க வேண்டும்.

இதில் நமக்கும் நன்மை உண்டு. 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதலுக்குப் பின் நம் உடையும் மத்ரஸாவும் சந்தேகத்துக்குள்ளாயின. நம்மைப் பற்றிப் பிறர் வதந்தியில் அறிவதைவிடப் பாடப்புத்தகத்தில் அறிவது மேல். நாம் அவர்களை அறிய மறுத்துக்கொண்டு, அவர்கள் நம்மை அறியவில்லையே என்று குறைப்படுவது எப்படி?

கல்வி அமைச்சின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் இந்து நாகரிகமும் பௌத்த நாகரிகமும் பாடங்களாக இருக்கின்றன. அவற்றின் நூல்களை நம் நூலகத்தில் வைக்கலாம். தமிழ் மன்றக் கூட்டமொன்றில் அயல் பாடசாலை ஆசிரியை ஒருவரை அழைத்து அவர் சமயத்தைப் பற்றிப் பேசச் சொல்லலாம். நமது ஆசிரியை ஒருவரும் அங்கு சென்று இஸ்லாத்தைப் பற்றிப் பேசலாம். பெற்றோர் ஆதரவு தந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.