நெரியஸுக்கு ஒட்டிய விலைச்சீட்டு

2021 டிசம்பர் 11-ஆம் தேதி நெரியஸ் என்ற சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 39 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கடந்துபோனது. நிலவின் தொலைவைப்போல் பத்து மடங்கு அது. அதையொட்டி உலகமெங்கும் வந்த செய்திகள் அதன் மதிப்பு 471 கோடி டாலர் என்றன. நிக்கலும் இரும்பும் கோபால்ட்டும் நிறைந்த புதையல் நம் வாசலைத் தாண்டிப் போவதாக எழுதின. சிறுகோள் என்றாலே மிதக்கும் சுரங்கம், ராக்கெட் வைத்திருப்பவர் போய் அள்ளிவர வேண்டியதுதான் பாக்கி என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது. சிறுகோள்களின் உண்மையான அருமையையும் அது மறைத்துவிடுகிறது.

முதலில் அந்த விலை. நெரியஸின் நிறையை இதுவரை யாரும் அளந்ததில்லை. ரேடார் காட்டிய உருவத்தை வைத்து, அடர்த்தி இவ்வளவு இருக்கும் என்று அனுமானித்துத்தான் எடை சொல்ல முடியும். அதன் மீது பட்டுத் திரும்பும் ஒளியைப் பகுத்துப் பார்த்தவர்கள் அதை 'இ' வகையில் சேர்த்திருக்கிறார்கள். இரும்பு மிகக் குறைந்த மக்னீசியம் சிலிகேட், அதாவது என்ஸ்டடைட் என்ற கனிமம் மேலோங்கிய கற்கள் அவை. அளக்காத எடையைச் சந்தை விலையால் பெருக்கி வரும் தொகையை மதிப்பு என்று அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

அடுத்தது, கிட்டத்தில் வருவதும் எட்டக்கூடியதாக இருப்பதும் ஒன்றே என்ற எண்ணம். 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் என்ற சிறுகோள் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில், நம் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கும் கீழே பறக்கும். ஆனால் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாயும் அதன் அருகில் போய் நிற்க, விண்கலமும் அந்த வேகத்தையும் திசையையும் பிடித்தாக வேண்டும். எரிபொருள் தீர்வது தூரத்தால் அல்ல, வேகத்தை மாற்றுவதால். இந்தக் கணக்கில் நெரியஸ் உண்மையிலேயே வசதியான கல். பூமியின் பாதைத் தளத்துக்கு அதன் பாதை 1.4 பாகைதான் சாய்ந்திருக்கிறது. தாழ்ந்த புவிவட்டப் பாதையிலிருந்து கிளம்பினால் நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகமாற்றம் போதும். நிலவில் இறங்குவதற்கு இதைவிட அதிகம் வேண்டும். அப்படியென்றால் போய்வரலாமே என்று கேட்பது நியாயம். ஆனால் நிலவுக்கு மாதந்தோறும் கிளம்பலாம். நெரியஸ் சூரியனைச் சுற்றிவர 1.8 ஆண்டுகள் ஆவதால், பூமியும் அதுவும் தோதாக அமையும் காலம் எப்போதாவதுதான் வாய்க்கும். ஜப்பான் தன் ஹயபுசா விண்கலத்தை முதலில் நெரியஸுக்குத்தான் அனுப்ப நினைத்தது. ஏவுவது தள்ளிப்போனதில் அந்த வாய்ப்பு நழுவி, கலம் கடைசியில் இட்டோகாவா என்ற சிறுகோளுக்குப் போனது.

போய்ச் சேர்ந்த பிறகும் அள்ளுவது எளிதல்ல. 2020 அக்டோபர் 20 அன்று மண் எடுக்கப்போன ஒசைரிஸ்-ரெக்ஸ் கலத்தின் கை பென்னு என்ற சிறுகோளைத் தொட்டபோது உறுதியான தரை அங்கே இல்லை. ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்துக்குக் கை புதைந்தது. உந்துபொறிகள் உடனே இயங்கித்தான் கலம் மேலெழுந்தது. மூடியில் கல் சிக்கித் திறந்து நின்றதால், எடுத்த மண்ணில் கொஞ்சம் வெளியே சிதறவும் செய்தது. ஏழாண்டுப் பயணம், நூறு கோடி டாலருக்கு மேல் செலவு, கைக்கு வந்தது 121.6 கிராம். முதல் முயற்சி எதுவுமே செலவு பிடிக்கும், நாளடைவில் குறையும் என்பார்கள். ஏவுதல் செலவு குறையட்டும். ஆனால் கிரகங்களின் பாதைகள் நம் தொழில்நுட்பத்துக்காக மாறப்போவதில்லை. தவிர, லட்சக்கணக்கான டன் நிக்கல் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் இன்றைய விலை நிற்குமா? சிறுகோள்களில் சுரங்கம் தோண்டுவதாக 2012-இல் பெரும் முழக்கத்தோடு அறிவிக்கப்பட்ட பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனம், ஒரு சிறுகோளைக்கூடத் தொடாமலே 2018-இல் கைமாறிவிட்டது.

அந்த 121 கிராமில் கிடைத்ததைப் பாருங்கள்: உப்புநீர் வற்றியபோது படிந்த உப்புகள், நீரை உள்ளே பிடித்துவைத்த களிமண் கனிமங்கள், உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கு. பூமியில் உயிர் எப்படி முளைத்தது என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான சாட்சி நம்மிடம் அதிகம் இல்லை. களிமண் கனிமங்களில் உள்ள நீர்கூட விண்வெளியிலேயே எரிபொருளாக்கினால்தான் பயன்படும். பூமிக்குச் சுமந்து வருவதில் அர்த்தமில்லை.

2029-இல் அபோபிஸைப் பற்றி எழுதப்போகும் பத்திரிகையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது எந்த வகைக் கல், எந்தப் பாதையில் வருகிறது, எட்ட எவ்வளவு வேகமாற்றம் வேண்டும் என்று எழுதுங்கள். டாலர் கணக்கை விட்டுவிடுங்கள்.