காலாவதியான மருந்து: திகதியை மட்டும் பார்த்தால் போதுமா?

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பார்கள் நம் பெரியவர்கள். விருந்தாளிகள் மூன்று நாளில் போய்விடுகிறார்கள். மருந்துகள்தான் போவதில்லை. அலுமாரித் தட்டிலும், குசினி ராக்கையிலும், பழைய பிஸ்கட் டின்னிலும் அவை ஆண்டுக்கணக்கில் குடியிருக்கின்றன. பாதி குடித்து மீதி வைத்த இருமல் பாணி, தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய மருந்துப் போத்தல், வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த வலிக் குளிசை, உம்மம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த சின்னச் சின்னக் கடதாசி உறைகள் என்று எல்லாம் அங்கே கிடக்கும். நடுச்சாமத்தில் யாருக்காவது தலையிடித்தால் அந்த டின்னைத்தான் திறக்கிறோம். திருப்பிப் பார்த்தால் திகதி முடிந்து நான்கு மாதம். “ஒன்றும் செய்யாது, குடி” என்பார் ஒருவர். “அது நஞ்சு, தூக்கி எறி” என்பார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பாதி உண்மையை நம்பி மருந்து குடிப்பதுதான் ஆபத்து.

முதலில், அந்தத் திகதி எதைச் சொல்கிறது? அது மருந்துக் கம்பனி தரும் ஒரு வாக்குறுதி. “இதைத் திறக்காமல், நாம் சொன்ன வெப்பநிலையில், ஈரமும் வெயிலும் படாமல் வைத்திருந்தால் இந்த நாள் வரை வீரியம் குறையாது” என்பதே அதன் பொருள். பெரும்பாலான மருந்துகளுக்கு, பெட்டியில் எழுதிய அளவில் 90 சதவீதமாவது அந்த நாள் வரை மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அளவுகோல். மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் மருந்து நஞ்சாகிவிடும் என்று திகதி சொல்லவில்லை. என் பொறுப்பு இன்றோடு முடிந்தது என்றுதான் சொல்கிறது.

திகதிக்குப் பின்னும் மருந்து நல்ல நிலையில் இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. ஐக்கிய அமெரிக்க இராணுவம் அவசர காலத்துக்கென்று பெருந்தொகை மருந்தைக் களஞ்சியப்படுத்தி வைக்கிறது. திகதி முடிந்ததும் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவது பெருஞ்செலவு. எனவே 1986 முதல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துடன் சேர்ந்து அவற்றைப் பரிசோதித்து வருகிறார்கள். 2006இல் வெளியான ஆய்வு முடிவின்படி, 122 மருந்துகளைச் சேர்ந்த 3,005 தொகுதிகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 88 சதவீதமானவற்றின் காலத்தை நீடிக்க முடிந்தது. அந்த நீடிப்பு சராசரியாக 66 மாதங்கள்.

“பார்த்தீர்களா, நான் சொன்னேனே!” என்று முதலாமவர் மகிழக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த மருந்துகள் உறை பிரிக்கப்படாமல், உரிய வெப்பநிலையில், களஞ்சியத்தில் இருந்தவை. நம் வீட்டு மருந்துகள் அடுப்புக்கு மேலே உள்ள தட்டிலும், குளியலறை அலுமாரியிலும், யன்னல் ஓரத்திலும் இருப்பவை. “30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கவும்” என்று பெட்டியில் எழுதியிருக்கும். மன்னாரிலும் புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் வெயில் காலத்தில் ஒரு தகரக் கூரைக்குக் கீழ் அது நடக்கிற காரியமா? மேலும், ஒரே மருந்தின் தொகுதிக்குத் தொகுதி ஆயுள் வேறுபட்டதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே, ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் நம் டின்னில் உள்ள குளிசையைப் பற்றி எவராலும் உறுதி சொல்ல முடியாது. திகதி முடியும் முன்பே நம் வீட்டில் ஒரு மருந்து கெட்டுப்போகலாம் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இரசாயனவியல் பாடத்தில் நாம் படிக்கும் நீர்ப்பகுப்புக்கு வீட்டிலேயே ஓர் உதாரணம் அஸ்பிரின். ஈரம் பட்டால் அது சலிசிலிக் அமிலமாகவும் அசெற்றிக் அமிலமாகவும் பிரியும். போத்தலைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் அதுதான் காரணம். ஆனால் எல்லா மருந்தும் இப்படி மணத்தால் நம்மை எச்சரிப்பதில்லை. பெரும்பாலானவை நிறமும் மணமும் மாறாமலே வலுவிழக்கின்றன.

சில மருந்துகளுக்குப் பெட்டியிலுள்ள திகதியை விட, திறந்த நாள்தான் முக்கியம். பிள்ளைகளின் அன்டிபயட்டிக் தூளில் தண்ணீர் கலந்துவிட்டால், மருந்தின் வகையைப் பொறுத்து 7 முதல் 14 நாட்கள்தான் அதன் ஆயுள். கண் மருந்துத் துளிகள் பெரும்பாலும் திறந்து 4 வாரங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கினால் அநேகமான வகைகளுக்கு 28 நாட்கள்தான். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் கிளிசரில் குளிசை ஆவியாகி வலுவிழக்கும் இயல்புடையது. அதனால்தான் அதை அதன் கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வைக்கச் சொல்கிறார்கள். உம்மம்மாவின் கைப்பையில் அது ஒரு கடதாசித் துண்டில் சுற்றிக் கிடந்தால், திகதி இருந்தும் பயனில்லை.

தலையிடிக்கு வலுக்குறைந்த பனடோல் குடித்தால் தலையிடி கொஞ்சம் நீடிக்கும், அவ்வளவுதான். நெஞ்சுவலியிலும், ஆஸ்துமா இழுப்பிலும், வலிப்பிலும், சீனி வருத்தத்திலும் மருந்து வலுவிழந்திருந்தால் உயிர் போகலாம். அன்டிபயட்டிக் வலுவிழந்திருந்தால் கிருமி முழுதாய்ச் சாகாது, நோய் மாறாது, தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்கே அடங்காதவையாக வளரவும் வழி பிறக்கும். நஞ்சாகும் சாத்தியம் அரிது. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பழுதடைந்த டெட்ராசைக்கிளின் குடித்தவர்களின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டதை 1963இல் வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். அந்தக் குளிசையின் சேர்மானம் பின்னர் மாற்றப்பட்டது. ஆகவே, காலாவதியான மருந்தின் பெரிய ஆபத்து அது நஞ்சாவது அல்ல. மருந்து குடித்துவிட்டோம் என்று நம்மை நம்பவைத்து, வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுவதுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “மருந்து விற்கும் விலையில் இதையெல்லாம் வீசச் சொல்கிறீர்களா? வீண்விரயம் இல்லையா?” 2022இல் பாமசி பாமசியாக அலைந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு குளிசையைக் கூட எறியத் தயங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தட்டுப்பாட்டின்போது திகதியை நீடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. 2018இல் அமெரிக்காவில் ஒவ்வாமைக்கான எபிபென் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்நாட்டு மருந்து நிர்வாகம் தரவுகளை ஆராய்ந்து, குறிப்பிட்ட சில தொகுதிகளுக்கு மட்டும் 4 மாதம் நீடித்தது. அத்தகைய முடிவை எடுக்க வேண்டியவர்கள் ஆய்வுகூடமும் அதிகாரமும் உள்ளவர்கள். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டிருக்கிறது. நம் குசினி அந்த அதிகாரசபை அல்ல.

உண்மையில் விரயம் நடப்பது எறியும்போதல்ல, தேவைக்கு மேல் வாங்கும்போது. ஐந்து நாள் குடிக்கச் சொன்னதை இரண்டு நாளில் நிறுத்துகிறோம். மீதி டின்னுக்குப் போகிறது. கிளினிக்கில் தந்த முன்னைய மாத மருந்து மிச்சமிருக்க, அதைச் சொல்லாமல் அடுத்த மாதத்துக்கும் வாங்கி வருகிறோம். மிச்சத்தை வைத்தியரிடம் சொன்னால் அது இன்னொரு நோயாளிக்குப் போகுமே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் குடிக்கத் தயங்கும் பழைய மருந்தை, வீட்டு வேலைக்கு வருபவருக்கோ ஏழை உறவினருக்கோ கொடுத்துவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நம் பிள்ளைக்கு ஆகாதது இன்னொருவர் பிள்ளைக்கு எப்படி ஆகும்? அது தர்மமும் அல்ல, சிக்கனமும் அல்ல.

திகதியே தெரியாத மருந்துகள் நம் வீடுகளில் உள்ள தனிப் பிரச்சினை. பாமசியில் அட்டையைக் கத்தரித்து நான்கு குளிசை தரும்போது திகதி மற்றத் துண்டில் போய்விடுகிறது. கடதாசி உறையிலோ பெயரும் வேளையும் மட்டும்தான். இதற்கு வழி எளிது. “திகதியையும் உறையில் எழுதித் தாருங்கள்” என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. போத்தலைத் திறந்தால், திறந்த நாளைப் பேனையால் அதன் மேல் எழுதுங்கள்.

தோழியரே, இது பெரும்பாலும் நம்மால் ஆகக்கூடிய வேலை. அட்டையில் உள்ள பொடி எழுத்தை உம்மம்மாவால் வாசிக்க முடியாது, நம்மால் முடியும். விடுமுறையில் ஒரு நாள் அந்த டின்னைக் கொட்டிப் பாருங்கள். திகதி முடிந்ததையும் திகதி தெரியாததையும் வேறாக்குங்கள். பாமசியில் திரும்ப எடுப்பார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் உறையிலிருந்து பிரித்து, பாவித்த தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கிணற்றடியிலோ கழிவறையிலோ கொட்ட வேண்டாம். மீதியை அடுப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக, சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெற்றோரே, நடுச்சாமத்தில் கையில் கிடைத்த குளிசையைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அதைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். நோய் கடுமையாக இருந்தால் விடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அரச வைத்தியசாலையின் கதவு இரவிலும் திறந்திருக்கிறது. அங்கே மருந்துக்குப் பணமும் கேட்பதில்லை.