ஊசி முனையில் உண்மை இல்லை

பரபரப்பான கொலை வழக்கு ஒன்று வாரக்கணக்கில் துப்புத் துலங்காமல் நின்றால் போதும், தொலைக்காட்சி விவாதத்தில் தவறாமல் ஒரு குரல் எழும்: "நார்கோ டெஸ்ட் எடுங்க சார், எல்லாம் வெளியே வந்துடும்." சினிமாவிலும் அப்படித்தான். ஊசி ஏறும், கண் சொருகும், நாக்கு தானாக உண்மையைக் கொட்டும். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி நம்பப்படும் இந்த எண்ணத்துக்கு அடியில், மனித மூளையைப் பற்றிய பெரும் பிழை ஒன்று இருக்கிறது. நடந்தது நடந்தபடி மூளைக்குள் கிடக்கிறது, பொய் என்பது அதன்மேல் போட்ட பூட்டு, சரியான சாவி கிடைத்தால் திறந்துவிடலாம் என்பதே அந்தப் பிழை.

இதன் பிறப்பே ஒரு தவறான முடிவில்தான். 1916-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராபர்ட் ஹவுஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு வீட்டில் பிரசவம் பார்த்தார். தாய்க்கு ஸ்கோபொலமைன் கொடுத்து அரை மயக்கத்தில் வைத்திருந்தார். குழந்தையை எடைபோடத் தராசு எங்கே என்று கேட்டார், கணவருக்குத் தெரியவில்லை. மயக்கத்தில் கிடந்த அந்தப் பெண், சமையலறையில் படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். தராசும் அங்கேயே இருந்தது. இந்த மருந்து உட்கொண்டவர் பொய் சொல்ல முடியாது என்று முடிவுகட்டிவிட்டார் ஹவுஸ். தராசு இருக்கும் இடத்தை மறைக்க அந்தத் தாய்க்கு என்ன தேவை என்று அவர் யோசிக்கவில்லை. 1922-இல் டல்லஸ் சிறையில் இரண்டு கைதிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். இருவரும் குற்றத்தை மறுத்தார்கள், பிறகு விடுதலையானார்கள். அதோடு 'உண்மை மருந்து' என்ற கதை உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது.

நம் நாட்டில் இதற்குப் பயன்பட்டு வந்தது சோடியம் பென்டோதால். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் மருந்து அது. மூளையின் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. குறைந்த அளவில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால், யோசித்து நிதானித்துப் பேசவைக்கும் முன்மூளையின் பிடி தளரும். ஆள் உளறுவார். கேட்பவர் எந்தப் பக்கம் இழுக்கிறாரோ அந்தப் பக்கம் சாய்வார். கனவு, பயம், கற்பனை, கேள்வியில் ஒளிந்திருக்கும் பதில் எல்லாம் ஒரே குரலில் வெளியே வரும். அதில் உண்மையும் இருக்கலாம். எது உண்மை என்று பிரித்துக்காட்டும் சக்தி மட்டும் அந்த மருந்துக்குக் கிடையாது.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 1951-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது பேரிடம், அவர்கள் வெட்கப்படும் அந்தரங்கம் ஒன்றை முதலில் கேட்டறிந்தனர். பிறகு அதை மறைக்க ஒரு பொய்க்கதையைக் கொடுத்து, பென்டோதாலின் உறவுக்கார மருந்தான அமிட்டாலை ஏற்றி, வேறொருவரை விட்டு விசாரிக்கச் சொன்னார்கள். மனம் உறுதியானவர்கள் மயக்கத்திலும் பொய்யை விடவில்லை. குற்றவுணர்ச்சியால் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தவர்கள்தான் எளிதில் உடைந்தார்கள். அவர்களிலும் சிலர் நடக்காததைச் சேர்த்துச் சொன்னார்கள். கல்நெஞ்சன் தப்புவான், கலங்கியவன் மாட்டுவான் என்றால் அதற்குப் பெயர் விசாரணையா?

மயக்கமே கொடுக்காவிட்டாலும் நினைவு அப்படியே நிற்பதில்லை. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு பிரிவினரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி வந்தது. படத்தில் கண்ணாடித் துண்டே கிடையாது. ஆனாலும் 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்ற பிரிவில் 50-க்கு 7 பேர். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை நினைவைப் புதிதாகக் கட்டுகிறது, கேள்வியையும் அதில் ஒரு செங்கல்லாக வைத்துக்கொள்கிறது. தெளிந்த மனத்துக்கே இந்தக் கதி என்றால், ஊசி ஏறிய மனத்தைக் கேட்கவே வேண்டாம்.

இயந்திரங்களின் லட்சணமும் இதுவே. பாலிகிராப் கருவி இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் வியர்வையையும் அளக்கிறது. பொய்யை அளப்பதில்லை. அப்பாவிக்கும் நெஞ்சு படபடக்கும். அமெரிக்காவில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்த கேரி ரிட்ஜ்வே 1984-இல் இந்தச் சோதனையில் தேறினார். 2001-இல் அவரைப் பிடித்துக் கொடுத்தது டி.என்.ஏ. இங்கே புனேயில் 2008-இல் ஒரு கொலை வழக்கில், குற்றத்தைச் செய்த அனுபவம் குற்றம் சாட்டப்பட்டவரின் மூளையில் இருக்கிறது என்று மூளையின் மின் அலைப் பதிவுகள் காட்டுவதாகச் சொல்லப்பட்டதை நீதிமன்றம் ஏற்றுத் தண்டனை கொடுத்தது. பிறகு உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. 2008-லேயே, பெங்களூரு நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது.

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?" என்று கேட்பவர்கள் 2020-இன் ஹத்ராஸை நினைத்துப் பார்க்கட்டும். மகளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் சேர்த்து இந்தச் சோதனைகளை அறிவித்தது உத்தரப் பிரதேச அரசு. அந்தக் குடும்பத்தின் மடியில் என்ன கனம் இருந்தது? 2008 நொய்டா ஆருஷி கொலை வழக்கில் வீட்டுப் பணியாளர்களுக்கு நார்கோ சோதனை நடந்தது; பதிவுகள் தொலைக்காட்சிக்குக் கசிந்து, நாடே அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்தது. அவர்கள்மீது குற்றப்பத்திரிகைகூடத் தாக்கலாகவில்லை. ஆருஷியின் பெற்றோருக்கும் சோதனைகள் நடந்தன. அவர்கள் 2013-இல் தண்டிக்கப்பட்டு 2017-இல் விடுதலையானார்கள். யார் கொன்றது என்பதை எந்த ஊசியும் சொல்லவில்லை. திருச்சி தொழிலதிபர் ராமஜெயம் கொலை நடந்தது 2012-இல். 2023-இல் 12 பேருக்குப் பாலிகிராப் சோதனை செய்தார்கள். வழக்கு அதனாலும் துலங்கிவிடவில்லை.

நார்கோ விசாரணையில் சொன்ன இடத்தில் ஆயுதம் கிடைத்ததே என்பார்கள். கிடைத்திருக்கலாம். அங்கே சாட்சி அந்த ஆயுதம்தான், மயக்கத்தில் வந்த பேச்சு அல்ல. கிடைக்காமல் போன தேடல்களை யார் கணக்கு வைக்கிறார்கள்?

உச்ச நீதிமன்றம் 2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், சம்மதமின்றி இந்தச் சோதனைகளைச் செய்வது அரசியலமைப்பின் 20(3), 21 பிரிவுகளை மீறுவது என்று தீர்ப்பளித்தது. சம்மதத்தோடு செய்தாலும், முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் சொன்னது. 2025-இல் பீகார் வழக்கொன்றில் அதையே மறுபடியும் சொல்ல நேர்ந்தது. ஆனால் காவல் நிலையத்தில் கைகட்டி நிற்பவனின் 'சம்மதம்' எப்படிப்பட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

தடயத்தைக் கலையாமல் காப்பது, கைபேசிப் பதிவுகளை நாள்கடத்தாமல் எடுப்பது, சாட்சியை அன்றே விசாரிப்பது எல்லாம் உழைப்பும் பணமும் கேட்கும் வேலைகள். நார்கோவுக்கு ஓர் அறிவிப்பு போதும். புலனாய்வு ஓடுவதுபோலத் தோன்றும். அடுத்த முறை "நார்கோ எடுங்க" என்ற குரல் கேட்டால், சம்பவ இடத்தில் முதல் நாள் என்ன சேகரித்தீர்கள் என்று திருப்பிக் கேட்போம். அதற்குப் பதில் இல்லாதவர்கள்தான் மனிதனின் மண்டைக்குள் தேடப் போகிறார்கள்.