காய்ச்சலோடு வருபவரிடம் பயணத்தைக் கேளுங்கள்

இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. நாட்டுக்குள்ளேயே தொற்றிய மலேரியா அதற்கு முன் கடைசியாகக் கண்டறியப்பட்டது 2012 ஒக்டோபரில். மலேரியா தடை இயக்கத்தினரின் பல தலைமுறை உழைப்புக்குக் கிடைத்த வெற்றி இது. ஆனால் இந்த வெற்றியோடு ஒரு மறதியும் வந்திருக்கிறது. கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரையான கரையில் இன்றைய பிள்ளைகளுக்கு மலேரியா பாடப்புத்தகத்து நோய். இளம் வைத்தியர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூட நேரில் கண்டிருக்க மாட்டார்கள். காய்ச்சல் என்றதும் டெங்கு நினைவுக்கு வருகிறது, அது நியாயமே. எனினும் புத்தளம் மாவட்டத்தில் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் “அண்மையில் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள்?” என்று கேட்பதைக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். ஏன் என்பதற்கான விடை, நம் உடலிலேயே இருக்கும் ஒரு புரதத்தில் கிடைக்கிறது.

அதன் பெயர் ஐகாம்-1. குருதிக் குழாய்களின் உட்சுவரில் உள்ள கலங்களிலிருந்து, ஐந்து மணிகள் கோத்த தண்டு போல இது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உடலில் எங்காவது தொற்று ஏற்பட்டால் அந்த இடத்துக் குழாய்ச் சுவரில் இதன் எண்ணிக்கை பெருகும். குருதியோடு ஓடிவரும் வெண்குழியங்கள் அதன் நுனி மணியைப் பற்றி நின்று, சுவரைக் கடந்து, கிருமி இருக்கும் இடத்துக்குப் போகின்றன. நம்மைக் காக்கவே அமைந்த இந்தப் பிடியைத்தான் பல்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணி தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. செங்குழியத்துக்குள் அது வளர எடுக்கும் காலம் ஏறத்தாழ 48 மணி நேரம். அதன் பிற்பாதியில் செங்குழியத்தின் மேற்பரப்பில் சிறு குமிழ்கள் எழும். அவற்றில் ஒட்டுண்ணி தன் ஒட்டும் புரதத்தை நிறுத்தும். அதன் சில வகைகள், வெண்குழியம் பற்றும் அதே நுனி மணியை வேறொரு பக்கத்தால் பிடித்துக்கொள்கின்றன. ஒட்டுண்ணி ஏறிய செங்குழியம் இப்படி நுண்குழாய்களில் தங்கிவிடுவதால், பழுதான குழியங்களை வடிகட்டும் மண்ணீரலுக்குத் தப்பிவிடுகிறது. மூளையின் நுண்குழாய்கள் இவ்வாறு அடைபடும்போது நோயாளி நினைவிழக்கிறார்.

இதிலிருந்து வைத்தியசாலைக்கு நேரடியான பாடம் ஒன்று உண்டு. விரல் நுனியிலிருந்து எடுக்கும் ஒரு துளிக் குருதியில் பெரும்பாலும் இளம் ஒட்டுண்ணிகளே தெரியும். முதிர்ந்தவை உறுப்புகளின் குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும். ஆகவே குருதிப் பூச்சில் சில மட்டுமே தெரிந்தால் நோய் இலேசானது என்று முடிவு கட்ட முடியாது. முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், பயண வரலாறு உள்ளவரிடம் பரிசோதனையைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டுகிறது. கேள்வி கேட்கப்படாவிட்டால் பரிசோதனையே நடக்காது. நோயாளி பனடோலை விழுங்கிவிட்டு வீட்டில் படுத்திருப்பார்.

ஆண்டுக்குச் சில பத்துப் பேருக்கே வரும் நோய்க்கு இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கலாம். 1963இல் நாடு முழுவதும் பதிவானது வெறும் 17 பேர்தான். கண்காணிப்புத் தளர்ந்தது; 1968, 69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் நோய் உள்நாட்டவர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டறியப்பட்டதால் அது அங்கேயே நின்றது. இந்தக் கரையிலிருந்து வியாபாரத்துக்கும் வேலைக்கும் யாத்திரைக்கும் வெளிநாடு போய் வருவோர் பலர். மலேரியாவைப் பரப்பும் நுளம்பும் நம்மோடுதான் இருக்கிறது. அனோபிலிஸ் சப்பிக்டஸ் உவர் நீரிலும் பெருகக்கூடியது. களப்பு ஓரப் பள்ளங்களும், இறால்களைத் தாக்கிய வெண்புள்ளி நோய்க்குப் பின் கைவிடப்பட்ட பண்ணைத் தொட்டிகளும் இங்கே நிறைய உண்டு. வடக்கே மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் இன்னொரு நுளம்பான அனோபிலிஸ் ஸ்டீபன்சி 2016இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

இந்தியாவிலிருந்து வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகைதானே, அது இப்படி ஒட்டி மூளையை அடைப்பதில்லையே என்பது இன்னொரு வாதம். அது பெருமளவு உண்மை. ஆனால் வைவாக்ஸ் ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழக்கூடியது. எனவே கேள்வி கடந்த வாரத்தோடு நில்லாமல், கடந்த ஓராண்டுப் பயணத்தையாவது தொட வேண்டும். ஒட்டும் இடத்தையே மருந்தால் மூடிவிட முடியாதா என்றும் கேட்கலாம். ஐகாம்-1ஐ மூடினால் வெண்குழியங்களின் வழியும் அடைபடும். ஒட்டுண்ணியின் புரதத்தைத் தாக்கலாம் என்றால், அதற்கு ஏறத்தாழ 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்றை நம் உடல் அடையாளம் கண்டதும் அது இன்னொன்றுக்கு மாறிவிடும். இந்த வேடமாற்றத்தை அறிவதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இலங்கைக்கே உரிய மக்காக்கா சினிக்கா குரங்கில் வாழும் பிளாஸ்மோடியம் பிரஜைல் என்ற மலேரியா ஒட்டுண்ணி, தான் ஏறிய செங்குழியத்தின் மேற்பரப்பை அடுத்தடுத்து மாற்றுவதைச் சிரோமா ஹந்துன்நெத்தி, காமினி மெண்டிஸ், பீட்டர் டேவிட் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நோய் ஒழிந்தது என்று இந்த அறிவையும் கைவிட்டால், தேவைப்படும் நாளில் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

கேட்பதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் துண்டிலும் தனியார் மருத்துவரின் குறிப்பேட்டிலும் பயணக் கேள்விக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஆம் என்பவருக்கு அன்றைக்கே குருதிப் பரிசோதனை, இல்லையென்று வந்தாலும் மறுபரிசோதனை என்பதை விதியாக்குங்கள். நோயாளி இல்லை என்பதைக் காரணம் காட்டி மாவட்டத்தின் நுளம்புக் கண்காணிப்பு ஆளணியைக் குறைக்காதீர்கள். வெளிநாடு போய் வந்தவர்களும் வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் தாங்களாகவே சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் குழாய்ச் சுவரில் ஒட்டி நிற்கும் நோயைக் காலத்தோடு பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.