நாடி, நாளம், நரம்பு: எல்லைத் தமிழ்ப் பிள்ளையின் உடலுக்கு யார் பெயரிடுவது?

தமிழ்வழியில் உயிரியல் படிப்பது பிள்ளைகளுக்குச் சுமை, கலைச்சொற்கள் விளங்குவதில்லை, ஆங்கிலவழிக்கு மாறுவதே நன்று: பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் மூணாறு, பீர்மேடு பகுதிகளின் தமிழ்வழிக் கல்வி குறித்து எழும் வாதம் இது. பரிவின் குரலில் வந்தாலும் இவ்வாதம் பிழையானது.

குழப்பம் இருப்பது உண்மை. 'நாடி' என்பது தமிழகத்தில் மணிக்கட்டுத் துடிப்பு, இலங்கைப் பாடநூலில் தமனி, மலையாளத்தில் நரம்பு. 'நாளம்' இலங்கையில் சிரை. தமிழகத்தின் 'நாளமில்லாச் சுரப்பி'யிலோ வெறும் குழாய். ஆனால் இது தமிழின் இயலாமை அன்று. ஒரே மொழிக்குப் பல இடங்களில் தனித்தனியே சொல்லாக்கம் செய்து, ஒன்றையொன்று பாராதிருந்ததன் விளைவு.

இயலாமை என்போர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1850களிலேயே கட்டரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார்; அடுத்த பத்தாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

ஆங்கிலச் சொல் தானே விளங்கிவிடும் என்பதும் மாயை. 'ஹோமியோஸ்டாசிஸ்' 1926இல் வால்டர் கேனன் கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கிய சொல். அது அசைவற்ற நிலையைக் குறிப்பதன்று என்று அவரே விளக்க நேர்ந்தது. இலங்கையின் 'ஒருசீர்த்திடநிலை'யில் அந்த அசைவின்மையே மேலோங்கி ஒலிக்கிறது. 'சமநிலை பேணல்' என்றால் செயல் தெரிகிறது. சுமார் 1,500 மீட்டர் உயர மூணாற்றுக் குளிரில் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கி வெப்பம் தருகின்றன. சித்தூர் வெயிலில் அதே குழாய்கள் விரிகின்றன, வியர்வை உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. உள்வெப்பம் இரண்டிடத்தும் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். இதைத் தன் தோலால் அறிந்த பிள்ளைக்குத் தமிழ் எவ்வாறு தடையாகும்?

எனவே மாற்ற வேண்டியது பயிற்றுமொழியை அன்று. தமிழக, இலங்கை வழக்குகளையும் மலையாளச் சொல்லையும் ஒருசேரக் காட்டும் ஒப்பீட்டுச் சொற்பட்டியல் பாடநூலின் பின்னிணைப்பாக வரவேண்டும். இது சலுகை அன்று, தேவை. தோட்டத் தொழிலாளியான தாய்க்கும் மலையாளம் பேசும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்த்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையே. மருத்துவர் 'நாடி' என்றால் நரம்பு என்று அறியாத பிள்ளை, தாயின் நோயையே மாற்றிச் சொல்லிவிடும்.